ஆயா என்று எழுதிய கடிதம்

நீங்கள் பொய் சொன்னீர்கள். அந்தக் கடிதம் என் அம்மாவுடையது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தே, நாலு பேர் முன்னால், அது உங்கள் கொழுந்தியாளுடையது என்றீர்கள். அந்த ஒரு பொய்யால் என் அம்மா கப்பல் ஏற வேண்டியதாயிற்று.

எட்டு வருடம் இதை நான் வெளியே பேசவில்லை. இந்த மாதம் நம் சங்கத்தின் ஆண்டு மலர் கைக்கு வந்தது. ரப்பர் விலை விழுந்து ஊரே வேலையில்லாமல் கிடந்த வருடங்களில், செயலாளராக இருந்த நீங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் தமிழர்களில் தகுதியுள்ள ஒருவரையும் கைவிடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாலை போட்ட படமும் போட்டிருக்கிறது. இன்று நீங்கள் சங்கத் தலைவர். படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அப்பா ரயில் பாதை போடும் கூட்டத்தில் இருந்தவர். நான் நடக்கத் தொடங்குமுன் காய்ச்சலில் போய்விட்டார். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸுக்குப் பின்னால் மேட்டில் இருந்த ஒரு எஞ்சினீயர் துரையின் பங்களாவில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போனாள். துரைக்கு ஒரே ஒரு பெண் குழந்தை. அது பிறந்த பத்தாம் நாளிலிருந்து அம்மாவின் கையில்தான் வளர்ந்தது. நானும் அம்மாவும் பங்களாவுக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தோம்.

நான் அம்மாவை அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டு அந்தக் குழந்தையும் அம்மா என்று கூப்பிடத் தொடங்கியது. துரைசாணியின் காதில் அது விழுந்தது. அவர் சத்தம் போடவில்லை. இனிமேல் வீட்டில் எல்லாரும் இவளை ஆயா என்றுதான் கூப்பிட வேண்டும், இவள் மகளும் சேர்த்து, என்று சமையல்காரனிடம் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு எனக்கு நாலு வயது இருக்கும். அம்மா என்னை அறைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்துச் சொன்னாள்.

"இங்க நான் ஆயா. நீ அம்மான்னு கூப்பிட்டா நம்மள வெளிய அனுப்பிருவாங்க. வாய் தவறிகூடச் சொல்லக்கூடாது, தெரியுதா?"

தெரிந்தது. பயந்த பிள்ளை சீக்கிரம் கற்றுக்கொள்ளும். கொஞ்ச நாளில் அறைக்குள்ளேயும் ஆயாதான். கொதிக்கும் கஞ்சி காலில் கொட்டியபோதும் நான் ஆயா என்றுதான் கத்தினேன்.

எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள். இருபத்தைந்து வயதுகூட ஆகாத என் அம்மாவைக் கிழவியாக்கி வைத்தார்கள் என்று அப்போது சிரிப்பு வரும். அந்தப் பங்களாவில் அந்தச் சொல் ஓரிடத்தில் நின்றதே இல்லை. தோட்டம் பார்த்த மலாய்க்காரருக்கு ஆயா என்றால் அப்பா. அவருடைய பிள்ளைகள் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரக் குழந்தை ஆயா ஆயா என்று ஓடிவரும்போதெல்லாம், இந்தப் பிள்ளைக்குச் சேலை கட்டிய அப்பா என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். ஹைனான் சீனச் சமையல்காரருக்கு அது பேச்சே இல்லை, தட்டு உடைந்தால் வாயில் வரும் சத்தம். தினமும் ஒரு பத்து தடவையாவது ஆயா என்று தலையில் கைவைப்பார். என்னமோ ஏதோ என்று அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். வாசலில் காவல் இருந்த பஞ்சாபிக்காரர், துரையின் கார் மேடு ஏறுவது தெரிந்ததும் உள்ளே பார்த்து "சாகிப் ஆயா" என்று குரல் கொடுப்பார். அவர்கள் பேச்சில் ஆயா என்றால் வந்துவிட்டார்.

ஆக ஒருத்தருக்குப் பாட்டி, ஒருத்தருக்கு அப்பா, ஒருத்தருக்கு ஐயோ, ஒருத்தருக்கு வந்தாச்சு. துரைசாணிக்கு மட்டும் சம்பளத்துக்குப் பிள்ளை தூக்குகிறவள். அந்த வீட்டில் துரைசாணியின் அர்த்தம்தான் செல்லும்.

பிற்பாடு எங்களுக்குப் பக்கத்து வீட்டில் மலாக்காவிலிருந்து வந்த ஒரு சட்டைக்காரக் கிழவர் குடியிருந்தார். அவர்கள் முன்னோர் போர்த்துக்கீசியர். அவர் சொல்லித்தான் தெரியும், அந்தச் சொல் அவர்கள் பாஷையில் இருந்து கிளம்பியதாம். அங்கே அது பெரிய வீட்டுப் பிள்ளைகளை வளர்த்து நல்லது கெட்டது சொல்லித்தருகிற பெண்மணிக்கு உள்ள மரியாதைப் பெயராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை கடல் தாண்டி வந்த சொல்லில் அந்த மரியாதை மட்டும் எந்த இடத்தில் விழுந்து தொலைந்தது என்று கேட்டேன். கிழவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார்.

பதினொரு வருடம் கழித்து துரை குடும்பத்தோடு சீமைக்குப் போய்விட்டார். போகுமுன் துரைசாணி அம்மாவுக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு நாங்கள் உங்கள் வீட்டுக்குத்தான் வந்தோம். நீங்கள் அப்போது சரக்கு ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. எங்களுக்குத் தெரிந்தவர்களில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். வாசல் படியில் நின்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னீர்கள். இந்த ஆயா எங்களிடம் பதினொரு வருடம் இருந்தாள். நாணயமானவள், சுத்தமானவள். எங்கள் மகள் கக்குவான் இருமலில் கிடந்தபோது மூன்று வாரம் தொட்டிலை விட்டு நகரவில்லை. இவளை விட்டுப் பிரிவது எங்களுக்கு வருத்தம்.

அம்மா கேட்டாள். "என் பேரு எங்க இருக்கு, கிராணியாரே?"

"பேரு எதுக்கு ஆயாம்மா? ஆயான்னா நீதானே. ஊருக்கே தெரியும்."

அம்மாவுக்குச் சந்தோஷம். கடிதத்தை வாழை இலை மடிப்பது மாதிரி மெதுவாக மடித்து பிஸ்கோத்து டப்பாவில் வைத்தாள். அந்தக் கக்குவான் இருமல் வரியை மனப்பாடம் செய்துகொண்டாள். வேலை செய்யும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இருந்தது என்ன, இன்னும் இருக்கிறது. கடிதங்களில் பெயர் இருக்காது. ஆயா, சமையல் குக்கி, தோட்டக்காரன் என்றுதான் இருக்கும். அதனால் கடிதம் இல்லாதவருக்குக் கடிதம் உள்ளவர் இரவல் கொடுப்பார். வேலை கிடைத்ததும் ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கோடு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அம்மி இரவல் கொடுப்பது போலத்தான். யாரும் இதைத் தப்பாக நினைத்ததில்லை. என் அம்மாவும் அந்தப் பங்களாவுக்கு முதலில் போனது இரவல் கடிதத்தோடுதான். இன்னொரு வீட்டுச் சமையல்காரன் பெண்சாதியின் கடிதம். அது உங்களுக்கும் தெரியும்.

அம்மாவுக்கு அடுத்து கோலாலம்பூரிலேயே ஒரு வீட்டில் வேலை கிடைத்தது. முன்னிருந்த துரைசாணி வாயாலேயே சொல்லி வைத்த இடம், கடிதம் காட்டத் தேவைப்படவில்லை. அந்தச் சமயத்தில்தான் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். உங்கள் மனைவியின் தங்கை, புருஷனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு உங்கள் வீட்டில் வந்து இருந்தாள். கிள்ளானில் ஒரு டாக்டர் துரை வீட்டில் ஆயா வேலை காலி. கடிதம் இருந்தால் உடனே சேர்த்துக்கொள்வார்கள் என்றீர்கள். ஒரு மாதம், அதற்கு மேல் வேண்டாம் என்றீர்கள். அம்மா உங்களைக் காக்கவைக்கவில்லை. டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். கை அழுக்காகாமல் பிடிக்கச் சொல்லி ஒரு துணியும் கொடுத்தாள்.

கடிதம் திரும்பி வரவில்லை. டாக்டர் வீட்டுத் துரைசாணி வாங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார் என்று சொன்னீர்கள். அம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருடங்கள் போயின. நான் கல்யாணமாகி இங்கே ஒரு அறைக்குக் குடிவந்தேன். பிறகு ரப்பர் விலை விழுந்தது. வெள்ளைக்காரர் வீடுகளிலேயே ஆட்களைக் குறைத்தார்கள். அம்மாவுக்கு வேலை போயிற்று, அதோடு இருந்த அறையும் போயிற்று. என் வீட்டில் ஒரே அறைக்குள் ஏற்கெனவே ஒன்பது பேர். என் புருஷனுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. வெளியாட்களை வைத்திருந்தால் எல்லாரையும் காலி செய்யச் சொல்வோம் என்று அறை கொடுத்தவர்களிடமிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. வேலையும் இடமும் இல்லாதவர்களைச் சர்க்கார் கப்பலில் இந்தியாவுக்கு, அவரவர் ஊருக்கு, அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் வட்டாரத்தில் யார் யார் போக வேண்டும் என்ற பட்டியலைச் சங்கம்தான் எழுதிக் கொடுத்தது. எழுதியவர் நீங்கள்.

அம்மாவுக்கு ஊர் என்று ஒன்று இல்லை. சிறுபிள்ளையாக வந்தவள். கூட வந்த சனமெல்லாம் இந்த மண்ணிலேயே செத்துப்போயிற்று.

அப்போது கிள்ளானில் அநாதைப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் ஒரு விடுதியில் ஆள் கேட்டார்கள். தங்க இடம் தருவார்கள், சாப்பாடும் உண்டு. விடுதியை நடத்திய வெள்ளைக்கார அம்மாள் என் அம்மாவை நேரில் பார்த்துப் பிடித்துப்போய், கடிதம் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னார். அந்த வேலை கிடைத்தால் அம்மா இங்கே இருப்பாள். இல்லாவிட்டால் கப்பல். எல்லாம் அந்த ஒரு தாளில் தொங்கியது.

அன்றே, கிள்ளானிலேயே இருந்த டாக்டர் வீட்டுக்கு நடந்தோம். உங்கள் கொழுந்தியாள் சமையலறைப் பின்கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"என் கடுதாசியக் காட்டிட்டுத் திருப்பிக் கொண்டாந்து தந்துடறேன்மா. ஒரு நாள் போதும்" என்று அம்மா கேட்டாள்.

"அக்கா, அது துரைசாணி பெட்டில பூட்டிக் கிடக்கு. என்னான்னு சொல்லிக் கேப்பேன்? இது என்னுது இல்ல, இவங்களோடதுன்னா? சொன்ன நிமிசம் நான் தெருவுல நிப்பேன். ரெண்டு பிள்ளைங்க இருக்குக்கா."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். கிராணியார் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"அவருகிட்டயே கேளுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ரயிலில் திரும்பும்போது நான் அவளைத் திட்டித் தீர்த்தேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அவளும் பிள்ளைக்காரிதானே என்றாள். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

கடிதம் டாக்டர் வீட்டில் இருப்பதை விடுதியில் சொன்னோம்; அதைக் காட்ட முடியாததால், விடுதி அம்மாள் சங்கத்தின் வாக்கைக் கேட்டார். அவரே ஒரு பகல் நேரத்தில் சங்கக் கட்டடத்துக்கு வந்தார். நீங்கள், கமிட்டிக்காரர் இரண்டு பேர், உங்கள் கொழுந்தியாள், அம்மா, நான். வேறு யாருமில்லை. கமிட்டிக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம்.

டாக்டர் வீட்டில் இருக்கும் கடிதம் யாருடையது என்று அவர் கேட்டார். நீங்கள் உங்கள் கொழுந்தியாளைக் காட்டினீர்கள். பிறகு அவர் கேட்காத ஒரு கேள்வியை நீங்களே அம்மாவிடம் தமிழில் கேட்டீர்கள்.

"ஆயாம்மா, நீ மொத மொத வேலைக்குப் போனப்ப யாரு கடுதாசியக் காட்டின? உள்ளதச் சொல்லு."

அம்மாவுக்கு மறைக்கத் தெரியாது. "சமையக்காரன் பொண்டாட்டியோடது. இரவல்தான் வாங்கினேன். தேங்கா பழத்தோட திருப்பிக் கொடுத்துட்டேன்" என்றாள்.

தேங்காயை நீங்கள் மொழிபெயர்க்கவில்லை. இவள் அடுத்தவர் கடிதத்தைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தவள், தானே ஒப்புக்கொள்கிறாள் என்று மட்டும் இங்கிலீஷில் சொன்னீர்கள். பங்களாவில் வளர்ந்த எனக்கு அந்த அளவுக்குப் புரியும். வெள்ளைக்கார அம்மாளின் முகம் மாறியதைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். ஏதோ தவறிப்போயிற்று என்று தெரிந்து, அந்தக் கக்குவான் இருமல் வரியைச் சொல்லத் தொடங்கினாள். மூன்று வாரம் தொட்டிலை விட்டு நகரவில்லை, சீமைக்கு எழுதிக் கேளுங்கள், அந்தத் துரைசாணி சொல்லுவார், என்றாள். இரண்டு தடவை சொன்னாள். அதில் ஒரு சொல்லைக்கூட நீங்கள் அந்த அம்மாளுக்குச் சொல்லவில்லை.

நான் எழுந்து எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அது என் அம்மாவின் கடிதம் என்றேன். மகள் வேறு எப்படிச் சொல்லுவாள் என்று சிரித்தீர்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். சீமைக்கு எழுதிக் கேளுங்கள் என்பதை நானாவது இங்கிலீஷில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியும். சொல்லவில்லை. என் புருஷனுக்கு அடுத்த வாரம் வேலை உண்டா இல்லையா என்று சிபாரிசு செய்கிறவரும் நீங்கள்தான், அதனால் சொல்லவில்லை. என் பங்குக்கு நான் செய்த துரோகம் அது. அதை நான் இங்கே எழுதிவிட்டேன்.

உங்கள் கொழுந்தியாள் கடைசிவரை தலை நிமிரவில்லை.

பத்தாம் நாள் கப்பல். கிள்ளானுக்கு அப்பால் துறைமுகத்தில், வெயிலில், மூட்டையும் பானையுமாகக் கூட்டம் நின்றது. ஒரு ஆள் பட்டியலைப் பார்த்துப் படிக்கப் படிக்க ஒவ்வொருவராக ஏறினார்கள். முனியன் என்றான், ஒருவர் ஏறினார். காத்தாயி என்றான், ஒருத்தி ஏறினாள். பிறகு "ஆயா, விதவை" என்றான். அம்மா பிஸ்கோத்து டப்பாவை இடுக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

அப்போதுதான் தெரிந்தது, பட்டியலிலும் நீங்கள் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று.

நான் "அம்மா" என்று கத்தினேன். நாலு வயதுக்குப் பிறகு அன்றுதான் அந்தச் சொல் என் வாயில் வந்தது. கூட்டத்தில் எத்தனையோ பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை. அந்தக் குரலில் அந்தச் சொல்லைக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. ஆயா என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். அந்தச் சொல்லை அன்றைக்கு நான் சொல்ல மாட்டேன் என்று நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். அவள் ஏறிப் போய்விட்டாள்.

ஆறு மாதம் எந்தத் தகவலும் இல்லை. ஆட்களை இறக்கும் நாகப்பட்டினத்து ஆபீசுக்கு அம்மாவின் பெயரைத் தெளிவாக எழுதிக் கடிதம் போட்டேன். பதில் வந்தது. அந்தப் பெயருள்ள பெண் யாரும் அந்தக் கப்பலில் வரவில்லை. ஆயா என்று பெயருள்ளவர்கள் மூன்று பேர் இறங்கினார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று எழுதி வைப்பதில்லை. அவ்வளவுதான். மறுபடி எழுதினேன், மறுபடி அதே பதில். இன்றுவரை அவள் இருக்கிறாளா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. திதி கொடுப்பதா, காத்திருப்பதா என்றும் தெரியவில்லை.

பெயர் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்பா செத்தபோது அம்மாவுக்காக மனு எழுதியது நீங்கள். அவள் பெயரைக் கேட்டு, எழுதி, அதன் பக்கத்தில் அவள் கட்டை விரலைப் பிடித்து மை தொட்டு அழுத்தியதும் நீங்கள். அந்த மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. எழுத்து உங்களுடையது.

உங்கள் கொழுந்தியாளை நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அவள் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள், நன்றாக இருக்கட்டும். உங்களைத்தான் கேட்கிறேன். வருகிற பொதுக்கூட்டத்துக்கு நான் வருவேன், பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்காருவேன். என் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு வருத்தம் தெரிவிக்கவும் வேண்டாம். பொய்யை நாலு பேர் முன்னால் சொன்னீர்கள், பதிலையும் எல்லாருக்கும் முன்னால் சொல்லுங்கள். கிள்ளானில் பூட்டிக் கிடந்த கடிதம் யாருடையது? சீமைக்கு எழுதிக் கேளுங்கள் என்று என் அம்மா சொன்னதை ஏன் மறைத்தீர்கள்? பெயர் தெரிந்தும் ஏன் ஆயா என்று எழுதினீர்கள்?

இந்தக் கட்டுரையில் அவள் பெயரை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை. மறந்துவிட்டதால் அல்ல. அதை நீங்கள் சொல்ல வேண்டும். மேடையில் எழுந்து நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, அவள் பெயரைச் சொல்லுங்கள்.